சுண்டெலியின் சாட்சியம்

தலவாக்கலைக்கும் அட்டனுக்கும் இடைப்பட்ட மலைச் சரிவுகளிலே, 2015ஆம் ஆண்டின் பிற்பாதியில், ஒரு பழைய ஓசை மீண்டும் கேட்கலாயிற்று. தேயிலைச் செடிகளின் அடியில் முளைத்த புல்லைச் சுரண்டி கொண்டு செதுக்கும் ஓசை அது. முதியோர் அதனை நன்கு அறிவர். இளையோர் பலர், முதுகிலே தெளிகருவியைச் சுமந்து மருந்தடித்தே களை கொன்று பழகியவர்கள். அவ்வாண்டு யூன் மாதத்தில் கிளைபோசேட் என்னும் களைநாசினியின் இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தது. களஞ்சியங்களில் மருந்து தீர்ந்தது. களையோ வழக்கம்போல் வளர்ந்தது. ஆள் பற்றாத தோட்டங்களில் சில மலைகள் காடாகிப் போயின. அட்டைக்கும் பாம்புக்கும் அஞ்சிக்கொண்டே பெண்கள் கொழுந்து பறித்தனர். சரிவிலே சுரண்டி பட்ட மண் இளகி, அடுத்த மழையில் கான் வழியே கீழிறங்கியது. வேறு களைநாசினிகளை நாடிய தோட்டங்களும் உண்டு. அவற்றுள் ஒன்றின் எச்சம் தேயிலைத் தூளில் மிகுந்து காணப்படுகின்றது என்று 2018ஆம் ஆண்டளவில் யப்பானிலிருந்து முறைப்பாடு வந்தது.

இத்தனைக்கும் மூலமான நோய் தேயிலை மலைகளில் எழுந்த நோய் அன்று. 1990களில் வடமத்திய மாகாணத்து வைத்தியசாலைகளில் ஒரு விநோதமான சிறுநீரக நோய் கவனத்துக்கு வந்தது. மதவாச்சி, பதவியா, மெதிரிகிரிய, மகாவலிக் கரையோரத்துக் கிராந்துருக்கோட்டை, பின்னர் வவுனியா என்று அதன் எல்லை விரிந்தது. நோயுற்றோருள் பெரும்பாலோர் வயலில் உழைக்கும் நடுவயது ஆண்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கும் பழைய பகைவர்களாகிய நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் அவர்களிடம் காணப்படவில்லை. காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்று, அறியாமையையே பெயராகச் சூட்டினர் மருத்துவர். அப்பெயர் இன்றும் மாறவில்லை.

2014ஆம் ஆண்டில் ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சன்ன ஜயசுமனவும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் ஒரு கருதுகோளை வெளியிட்டனர். கிளைபோசேட் உலோகங்களோடு இறுகப் பிணையும் இயல்புடையது. வன்னீரில் உள்ள கல்சியம், மகனீசியம் ஆகியவற்றோடும் நச்சு உலோகங்களோடும் அது பிணைந்து சிறுநீரகத்தைச் சென்றடைந்து ஊறு செய்கின்றதோ என்பது அவர்கள் எழுப்பிய ஐயம். கருதுகோள் என்பது தீர்ப்பு அன்று. விசாரணைக்கு வந்த வழக்கு. ஆயினும் அடுத்த ஆண்டிலேயே தடை வந்துவிட்டது. விசாரணை முடியுமுன் தண்டனை விதிப்பது அரசியலிற் புதுமையன்று.

மலைநாட்டார் உடனே ஒரு கேள்வியைக் கேட்டனர். நியாயமான கேள்விதான். இந்த மருந்தைப் பல்லாண்டுகளாக நாங்களும் தெளித்தோமே, நுவரெலியாவிலும் அட்டனிலும் அந்த நோய் ஏன் ஊர் ஊராகப் பரவவில்லை? கருதுகோளை ஆதரித்தோர் அதற்கு விடை வைத்திருந்தனர். மலையில் பாறையிடுக்கில் ஊறிப் பீலிவழி விழும் தண்ணீர் மென்னீர். சவர்க்காரம் எளிதில் நுரைக்கும். உலர்வலயத்துக் கிணற்று நீர் வன்னீர். கேத்தலின் உட்புறத்தே வெள்ளைப் படிவு ஏறும். பல இடங்களில் புளோரைட்டும் மிகுதி. மருந்து ஒன்றேயாயினும் அது கலக்கும் நீர் வேறு என்றனர் அவர்கள்.

வேறு சிலரோ மலையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினர். மகாவலியின் தலைநீர் மலைநாட்டில் ஊறுவது. 1976ஆம் ஆண்டு முதல் பொல்கொல்லை அணையில் அந்நீரின் ஒரு பகுதி வடமத்திய மாகாணத்துக்குத் திருப்பப்படுகின்றது. மலைத் தோட்டங்களில் இட்ட பொசுபேற்று உரத்தில் கலந்திருந்த கட்மியம் ஆற்றோடு இறங்கிக் குளங்களிற் சேர்ந்திருக்கலாம் என்று பேராதனை ஆய்வாளர் சிலர் எழுதினர். பின்வந்த அளவீடுகள் பல, நீரில் அத்துணைக் கட்மியத்தைக் காணவில்லை. எனினும் ஐயம் முற்றாக ஓயவில்லை.

இவ்வழக்கில் மனிதரைக் கொண்டு மட்டும் தீர்ப்புக் காண்பது அரிது. தோட்டத் தொழிலாளியையும் வன்னி விவசாயியையும் அருகருகே நிறுத்தினால், அவர்களிடையே வேறுபடுவது குடிநீர் மட்டுமா? ஒருவர் மலைக் குளிரிலும் மற்றவர் கொளுத்தும் வெயிலிலும் உழைக்கின்றனர். உணவு வேறு. வேலையின் நேரமும் முறையும் வேறு. அடிக்கும் மருந்துகளின் பட்டியலும் வேறு. இவற்றுள் எது சிறுநீரகத்தைத் தொட்டது என்று பிரித்தறிய வேண்டுமாயின், ஒன்றைத் தவிர ஏனைய யாவும் ஒத்திருக்கும் உயிர்கள் இருத்தல் வேண்டும். ஒரே தாய்வழி, ஒரே தீனி, ஒரே வெப்பநிலை, ஒரே கூண்டு. தண்ணீர்ப் போத்தல் மட்டும் வேறு. இத்தகைய வாழ்வை எந்த மனிதரும் வாழ உடன்படார். ஆதலின் ஆய்வுகூடத்துச் சுண்டெலி அழைக்கப்படுகின்றது. (நுவரெலியா என்ற பெயரில் நம் மாணவர் சிலர் எலியைத் தேடுவதுண்டு. சிங்களத்தில் எலிய என்றால் ஒளி. பெயர்ப்பொருத்தம் தற்செயலே.)

சுண்டெலி என்ன சாட்சி சொல்லும்? வாய் திறவாத அவ்வுயிர் சொல்வதெல்லாம் தன் சிறுநீரின் மூலமே. அந்த மொழியை அறியச் சிறுநீரகத்தின் தொழிலைச் சற்றே நோக்க வேண்டும்.

மனிதனின் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்வடிகள் உள்ளன. சுண்டெலியின் ஒரு சிறுநீரகத்தில் அவை பத்தாயிரத்துக்குச் சற்று மேல். ஒவ்வொரு வடியின் தலைப்பிலும் மயிர்க்குழாய்களாலாகிய ஒரு சிறு பந்து உண்டு. அதற்குக் கலன்கோளம் என்று பெயர். குருதி அங்கே வடிகட்டப்படுகின்றது. ஒரு நாளில் மனிதனின் கலன்கோளங்கள் வடிக்கும் நீர் சுமார் 180 லீற்றர். வெளியேறும் சிறுநீரோ ஒன்றரை லீற்றரளவே. எஞ்சிய அனைத்தையும் கலன்கோளத்தைத் தொடர்ந்து வளைந்து செல்லும் சிறுகுழாய்கள் மீட்டுக் குருதிக்கே கொடுத்துவிடுகின்றன. கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒருவர் கூடையைக் கவிழ்க்க, மற்றொருவர் முற்றலையும் காம்பையும் தள்ளி, நல்லதைத் திரும்ப எடுத்துக்கொள்வது போன்றது இது. முதலாமவர் தவறுவது வேறு. இரண்டாமவர் தவறுவது வேறு. எவர் தவறினார் என்பதைக் கூடையிலிருந்து சிந்திய பொருளைக் கண்டு கூறலாம்.

சிறுநீரைக் கண்டு நோய் கூறும் கலை தமிழருக்குப் புதிதன்று. தேரையர் பெயரோடு வழங்கும் நீர்க்குறி நெய்க்குறி முறையிலே, சித்த மருத்துவர் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என ஐந்தையும் ஆராய்ந்தனர். பின் எண்ணெய்த் துளியை நீரின்மேல் விட்டு அது விரியும் விதத்தையும் பார்த்தனர். அவ்வைந்தனுள் நுரை இங்கே கருதத்தக்கது. சிறுநீரில் புரதம் மிகுந்தால் அது நுரைக்கும். நுரை நெடுநேரம் அடங்காது நிற்கும். மூல இயல் தெரியாமலே அவர்கள் கண்ணிற்பட்ட அடையாளம் அது. இக்கால ஆய்வுகூடம் கேட்பது அடுத்த கேள்வி: எந்தப் புரதம்?

குருதியில் மிகுந்திருக்கும் புரதம் அல்புமின். உருவிற் பெரியது, நலமான கலன்கோளம் அதனைக் கடந்து போக விடுவதில்லை. ஆதலின் சிறுநீரில் அல்புமின் கணிசமாகத் தென்பட்டால், வடி கிழிந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். நீரிழிவால் வரும் சிறுநீரக நோயில் முதலிற் காணப்படுவது இதுவே. அல்பா-1 மைக்குரோகுளோபுலின், பீற்றா-2 மைக்குரோகுளோபுலின் போன்றன சிறிய புரதங்கள். இவை வடியை எளிதிற் கடந்துவிடும். பின் சிறுகுழாய்கள் அவற்றை மீட்டெடுக்கும். அவை சிறுநீரில் மிகுந்தால், மீட்கும் கை தளர்ந்தது என்பது பொருள்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. இது குருதியிலிருந்து சிந்துவது அன்று. காயமுற்ற சிறுகுழாயின் சுவரே எழுப்பும் அபயக்குரல். சிறுநீரகக் காய மூலக்கூறு-1 என்பதனைச் சுருக்கமாகக் கிம்-1 என்பர். நலமான சிறுநீரகத்தில் அது ஏறக்குறைய இல்லை எனலாம். காயம் பட்டதும் சிறுகுழாய்க் கலங்களின் மேற்புறத்தே தோன்றி, அதன் ஒரு பகுதி அறுந்து சிறுநீரோடு வெளிவரும். எலிகளின் சிறுநீரகத்துக்குக் குருதியோட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்திப் பார்த்த சோதனையில், யோசப் பொன்வென்ரர் குழுவினர் இதனைக் கண்டு 1998ஆம் ஆண்டில் வெளியிட்டனர். என்கால் என்பது இவ்வகையில் மற்றொன்று. 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகர ஆய்வாளர்கள், சுண்டெலியின் சிறுநீரகம் காயமுற்ற இரண்டு மணி நேரத்துள்ளேயே சிறுநீரில் என்கால் தோன்றுவதைக் காட்டினர்.

இரண்டு மணி நேரம் என்பதன் பெறுமதி எளிதிற் புலப்படும். மருத்துவர் வழக்கமாக நாடும் அளவுகோல் குருதியிலுள்ள கிரியற்றினின். சிறுநீரகத்தின் தொழிலில் ஏறத்தாழப் பாதி போன பின்னரே அது தெளிவாக உயரும். வீடு பாதி எரிந்தபின் கேட்கும் மணியோசை அது. இதனாலன்றோ 2008ஆம் ஆண்டில் அமெரிக்க, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனங்கள், புதிய மருந்துகள் சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்கின்றனவா என்று எலிகளிற் சோதிக்கும்போது ஏழு சிறுநீர்ப் புரத அளவீடுகளைச் சான்றாக ஏற்க இசைந்தன. கிம்-1, அல்புமின், மேற்கூறிய பீற்றா-2 மைக்குரோகுளோபுலின் ஆகியன அவ்வேழனுள் அடங்கும்.

இனிச் சுண்டெலியின் குறும்பு. நலமான மனிதன் நாளொன்றுக்குச் சிறுநீரில் கழிக்கும் புரதம் 150 மில்லிகிராமுக்கும் குறைவு. நலமான சுண்டெலியோ, அதன் உடலளவுக்கு மிஞ்சிய புரதத்தைக் கழிக்கின்றது. மருந்துக் கடையில் விற்கும் சோதனைத் தாளை அதன் சிறுநீரில் தோய்த்தால், நோய் யாதுமின்றியே தாள் நிறம் மாறக்கூடும். அனுபவமற்ற மாணவன் ஒருவன் இதனைக் கண்டு, தான் கொடுத்த தண்ணீர்தான் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று எழுதிவிடுவான்.

உண்மை வேறு. சுண்டெலியின் ஈரல், மணப்பொருள்களைச் சுமக்கும் சிறு புரதங்களை ஏராளமாக ஆக்குகின்றது. பெருஞ் சிறுநீர்ப் புரதங்கள் என்று அவற்றுக்குப் பெயர். சுண்டெலி தன் எல்லையைக் காட்டவும், தான் இன்னார் என்று பிற சுண்டெலிகளுக்கு உணர்த்தவும் சிறுநீரை ஆங்காங்கே விட்டுச் செல்லும். அம்மணம் மெல்ல மெல்ல வெளிப்படும்படி அதனைப் பற்றி வைத்திருப்பவை இப்புரதங்களே. ஆண் சுண்டெலியில் இவை பெண்ணினும் மிகுதி. ஆண்மைச் சுரப்பே அதற்குக் காரணம். சுண்டெலிச் சிறுநீரின் புரதத்தில் பெரும்பகுதி இவையே. ஆகவே மொத்தப் புரதத்தை அளப்பது, பிரட்டுக் களத்தில் நின்றோர் அனைவரையும் எண்ணிவிட்டு அவ்வளவு பேரும் காய்ச்சற்காரர் என்று எழுதுவதை ஒக்கும். கேட்க வேண்டியது அல்புமினை. கேட்க வேண்டியது கிம்-1ஐ. ஆணையும் பெண்ணையும் ஒரே தொகுதியாக்கிச் சராசரி காண்பதும் ஆகாது.

சிறுநீரைச் சேகரிப்பதே ஒரு கலை. 25 கிராம் நிறையுள்ள சுண்டெலி ஒரு நாளில் தருவது ஒன்று அல்லது இரண்டு மில்லிலீற்றர். அடித்தட்டில் கம்பிவலையும் புனலும் அமைந்த தனிக்கூண்டில் அதனை ஓரிரவு வைத்துச் சேகரிக்கலாம். ஆனால் துணையின்றி வலைமேல் நிற்கும் சுண்டெலி கலங்குகின்றது, நிறை குறைகின்றது. தீனித் துகளும் எச்சமும் சிறுநீரிற் கலக்கின்றன. துளிகள் புனலிலேயே உலர்ந்தும் விடுகின்றன. மற்றொரு முறை எளிது. கையிலெடுத்ததும் அச்சத்தால் சிறுநீர் கழிப்பது சுண்டெலியின் வழக்கம். தூய தாளின்மேல் அதனைப் பிடித்து, விழும் சில துளிகளை நுண்குழாயால் உறிஞ்சிக்கொள்வர். நாள்தோறும் ஒரே வேளையில் இதனைச் செய்தல் நன்று. சேகரித்ததை உடன் அளக்க இயலாவிடின் சுழியத்துக்குக் கீழ் 80 பாகையில் உறைய வைப்பர். சாதாரண உறைபெட்டியில் நெடுநாள் வைத்தால் அல்புமினின் ஒரு பகுதி படிந்து அளவிலே குறைந்துவிடும்.

அளக்கும் முறை 1971ஆம் ஆண்டில் சுவீடனில் உருவானது. தொண்ணூற்றாறு சிறு குழிகள் கொண்ட தட்டொன்றில், குறித்த புரதத்தை மட்டும் பற்றும் பிறபொருளெதிரி பூசப்பட்டிருக்கும். சிறுநீர்த் துளியை இட்டால் அப்புரதம் குழியோடு ஒட்டிக்கொள்ளும். ஏனையவற்றைக் கழுவி அகற்றலாம். நொதியம் பிணைந்த இரண்டாம் பிறபொருளெதிரி அதன்மேல் அமர்ந்து நிறத்தை எழுப்பும். நிறத்தின் அடர்த்தியே புரதத்தின் அளவு. மனித அல்புமினுக்கென ஆக்கிய தட்டு சுண்டெலிக்கு உதவாது. அதனதன் புரதத்துக்கு அதனதன் பிறபொருளெதிரி வேண்டும்.

எண் கிடைத்தபின்னும் ஒரு சிக்கல் உண்டு. உவர்த்த வன்னீரைச் சுண்டெலி விரும்பாது குறைவாக அருந்தலாம். அப்பொழுது சிறுநீர் செறிந்து, எந்தப் புரதமும் மிகுந்ததாகவே தோன்றும். இப்பிழையை நீக்க, அதே துளியிலுள்ள கிரியற்றினினையும் அளந்து, புரதத்தை அதனால் வகுப்பர். கிரியற்றினினை அளக்கும் பழைய முறை, 1886ஆம் ஆண்டில் யாஃபே கண்ட பிக்கிரிக் அமில முறை. சுண்டெலியின் குருதியில் அம்முறை நம்பத்தக்கதன்று. கிரியற்றினின் அல்லாத பிற பொருள்களும் அதே நிறத்தை ஊட்டிவிடுகின்றன. ஆதலின் நொதிய முறையோ, பொருள்களைப் பிரித்தளக்கும் கருவியோ வேண்டப்படுகின்றது. வசதி குறைந்த ஆய்வுகூடங்கள் இடறும் இடம் இது.

சுண்டெலியின் குலமும் கருதத்தக்கது. ஆய்வுகூடங்களில் மிகப் பரவலாக வளர்க்கப்படும் சி57 என்னும் கறுப்புச் சுண்டெலியின் சிறுநீரகம் உறுதி மிக்கது. அட்ரியமைசின் என்னும் மருந்து வெண்ணிற பால்ப்-சி சுண்டெலியின் கலன்கோளங்களைச் சிதைக்கும்; அதே மருந்தைக் கறுப்பு இனம் பெரும்பாலும் தாங்கிவிடும். ஒரு பொருளைக் கறுப்புச் சுண்டெலிக்குக் கொடுத்து, யாதும் நேரவில்லை, ஆதலின் அது தீங்கற்றது என்று அறிக்கை விடுவோரிடம், எந்தக் குலத்துச் சுண்டெலி என்று முதலிற் கேட்க வேண்டும்.

இலங்கையில் இத்தகைய சோதனை நடந்ததுண்டா? உண்டு, அதுவும் மலைநாட்டின் வாயிலிலேயே. கண்டி ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படை ஆய்வு நிறுவகத்தைச் சேர்ந்த ஜயசுந்தர பண்டாரவும் உடனாய்வாளர்களும், பல்வேறு கலவைகளைக் கொண்ட குடிநீரைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்து, அவற்றின் சிறுநீரக இழையங்களை ஆராய்ந்தனர். 2017ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு சிந்தனைக்குரியது. கட்மியம், புளோரைட்டு, நீரின் வன்மை ஆகிய மூன்றும் ஒருங்கே சேர்ந்தபோது, உலகச் சுகாதார நிறுவனம் அனுமதித்த உச்ச அளவுகளிலேயே சிறுநீரகம் கடுமையாகக் கெடலாம் என்று அவர்கள் கண்டனர். குடிநீருக்கான நியமங்கள் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே எடுத்து வகுக்கப்பட்டவை. மக்கள் அருந்துவதோ கலவையை. அதே ஆண்டில் இலங்கை மருத்துவச் சஞ்சிகையில் வெளியான மற்றோர் ஆய்வு, நோய் மிகுந்த ஒரு பகுதியின் கிணற்று நீரையே எலிகளுக்குக் கொடுத்து, அவற்றின் சிறுநீரகத்திலும் ஈரலிலும் சிதைவுகளைக் கண்டது.

ஹந்தானைச் சோதனையின் சிறப்பு ஒன்று, எல்லை ஒன்று. மென்னீரையும் வன்னீரையும் வேறுபிரித்துப் பார்த்ததன் மூலம், மலைநாட்டார் கேட்ட கேள்விக்கு அது ஓரளவு விடை தேடியது. ஆனால் அது கிளைபோசேட்டைக் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ கூறவில்லை. அந்த மூவர் கூட்டணியில் அதன் பெயர் இல்லை. மேலும் இழையத்தை நுணுக்குக்காட்டியில் நோக்கச் சுண்டெலியைக் கொல்ல வேண்டும். கொன்ற சுண்டெலி ஒரு நாளின் கதையை மட்டுமே சொல்லும். சிறுநீரைத் தொடர்ந்து அளந்தால், அதே சுண்டெலி வாரந்தோறும் சாட்சி சொல்லும்: எந்த வாரத்தில் கிம்-1 எழுந்தது, அல்புமின் அதனைப் பின்தொடர்ந்ததா, தண்ணீரை மாற்றிக் கொடுத்தபோது அது தணிந்ததா. கடைசிக் கேள்வியே ஒரு கிராமத்துக்கு மிகவும் வேண்டியது.

சுண்டெலியை அளவுக்கு மீறி நம்புவதும் தகாது. அதன் ஆயுள் ஏறத்தாழ இரண்டு ஆண்டு. விவசாயியின் சிறுநீரகம் கெடப் பல ஆண்டுகள் செல்கின்றன. கூண்டிலிருக்கும் சுண்டெலி உச்சி வெயிலில் மண்வெட்டி பிடிப்பதில்லை. வியர்த்து உடல் வற்றிப் பின் ஒரே மூச்சில் கிணற்று நீரைக் குடிப்பதுமில்லை. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் இதையொத்த நோய் உண்டு. அங்கே வெயிலும் உடல் வற்றுதலுமே முதலிற் சந்தேகிக்கப்படுகின்றன. இப்பொருள் இவ்வாறு கெடுக்கக்கூடும் என்று சுண்டெலி சொல்லலாம். மதவாச்சியில் கெடுத்தது இதுவே என்று சொல்லும் தகுதி அதற்கு இல்லை.

ஆயினும் எலியிடமிருந்தும் சுண்டெலியிடமிருந்தும் கற்ற பாடம் மனிதருக்கு வந்துவிட்டது. 2012ஆம் ஆண்டில் வெளியான நாணயக்கார குழுவினரின் ஆய்வு, வடமத்திய மாகாண நோயாளரின் சிறுநீரகத்தில் முதன்மையாகக் கெட்டிருப்பது கலன்கோளம் அன்று, சிறுகுழாய்களும் அவற்றைச் சூழ்ந்த இழையமுமே என்று காட்டியது. இதன் விளைவை உணர்தல் வேண்டும். வடி கிழியவில்லையாதலால் தொடக்க நிலையில் அல்புமின் அதிகம் சிந்துவதில்லை. கிராம மருந்தகத்துச் சோதனைத் தாள் நிறம் மாறுவதில்லை. உமக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்ட மனிதர், சிறுகுழாய்கள் அழிந்துகொண்டிருக்கும் நிலையிலேயே வயலுக்குத் திரும்புகின்றார். 2016ஆம் ஆண்டில் ருகுணைப் பல்கலைக்கழக ஆய்வாளரும் பிறரும் சேர்ந்து, விவசாய மக்களின் சிறுநீரில் கிம்-1ஐயும் என்காலையும் அளந்து, அந்நோயை முன்கூட்டியே அறிய அவை உதவும் என்று எழுதினர். பொன்வென்ரரின் எலியும் சின்சினாட்டியின் சுண்டெலியும் காட்டிக்கொடுத்த அதே புரதங்கள்.

தோட்டத்து நிலை இதற்கு மறுதலை. மலையகத்தில் நடுவயதினரைத் தேடி வருவது பெரும்பாலும் நீரிழிவும் உயர் குருதியமுக்கமும். இவ்விரண்டிலும் முதலிற் சிந்துவது அல்புமின். விலை மலிந்த சோதனையே அங்கே பயன் தரும். அது ஆண்டுதோறும் நடந்தாற் போதும். வவுனியாவில் அதே மலிந்த சோதனை பொய்யான ஆறுதலைத் தரும். ஒரு நாட்டுக்கு ஒரு சோதனை என்று சுற்றறிக்கை விடுவது இலகு. சிறுநீரகம் சுற்றறிக்கையைப் படிப்பதில்லை.

தடையின் கதை பின்னர் இவ்வாறு சென்றது. 2018ஆம் ஆண்டு யூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபோசேட் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் இரசாயன உரங்களும் பீடைகொல்லிகளும் ஒரேயடியாக நிறுத்தப்பட்டன; அது சில மாதங்களே நின்றது. 2022ஆம் ஆண்டில் கிளைபோசேட் தடையும் நீங்கியது. தெளிகருவி மீண்டும் முதுகில் ஏறியது. வந்தபோதும் போனபோதும் அத்தடையோடு சிறுநீர்ச் சோதனை எதுவும் தோட்டத்துக்கு வரவில்லை; மருந்தடிப்பவரின் கிம்-1 என்ன என்று லயத்து வாசலில் வந்து கேட்டவரும் இல்லை.

மலைக்கும் வன்னிக்கும் இடையே சுண்டெலிக் கூண்டுகளுக்கு நிகரான ஓர் ஒற்றுமை இரத்த உறவிலே உண்டு. 1970களின் பஞ்சத்தாலும் 1977ஆம் ஆண்டு வன்செயலாலும் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளிற் குடியேறிய மலையகக் குடும்பங்கள் பல. அண்ணன் வழி வந்தோர் இன்றும் அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பீலித் தண்ணீரைக் குடிக்க, தம்பி வழி வந்தோர் வவுனியாக் கிணற்று நீரைக் குடிக்கின்றனர். திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் இரு வழியினரும் ஒன்றுகூடுகின்றனர். அத்தகைய ஒரு காலையில் பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் ஆளுக்கொரு சிறு போத்தலில் சிறுநீர் தந்தால், அல்புமின், கிம்-1, கிரியற்றினின் மூன்றையும் அளப்பதற்கு ஒரு தட்டின் சில குழிகளே செலவாகும்.